பன்னிரண்டாவது கோரிக்கை

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். சிறுபட்டறை உரிமையாளர் சங்கத்தின் தலைவர், அவர் மனைவி, மூத்த மகன், மூத்த மருமகள், கணவன் இறந்த பிறகும் அதே வீட்டில் இருந்த சின்ன மருமகள், அவளுடைய பதினான்கு வயது மகள், சங்கச் செயலாளர். தலைவரை விட்டு ஒரு நாளும் பிரியாதவர் என்பதால் செயலாளருக்குக் கோந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த ஏழு பேரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

அந்த வீட்டின் பெயருக்கு இழுக்கு வரக்கூடாது என்று நடந்ததை இத்தனை காலம் மூடி வைத்தார்கள். மூடி வைத்ததால்தான் கதைகள் முளைத்தன. நல்ல பெயருள்ள குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை, நடந்ததை நடந்தபடி சொல்வதுதான்.

சின்ன மருமகள் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜைமேல், தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது?" என்றார் தலைவர்.

"பட்டறைப் பதிவு விண்ணப்பம் மாமா. உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

அவர் தாளைப் பார்க்கவில்லை. மூத்த மகன் பக்கம் தள்ளினார். "என்னன்னு படி."

மூத்தவன் படித்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர். தொழில், மருந்துப் பெட்டி செய்தல். இடம், பின்தெருவில் காலியாகக் கிடக்கும் தகரக் கொட்டகை. கடைசி வரியில் 'குடும்பத் தலைவரின் சம்மதக் கையொப்பம்' என்று அச்சடித்திருந்தது. அதன்மேல் ஒரு கோடு காலியாக இருந்தது.

மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேர்ப்பலகைக்குக்கூட கலர் பார்த்து வச்சிருப்பா."

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சின்ன மருமகள். பிறகு மாமனாரிடம் திரும்பினாள். "அரசு ஆஸ்பத்திரியில மாத்திரைக்குச் சின்னப் பெட்டி கேக்குறாங்க மாமா. பெண்கள் பேர்ல பதிவான பட்டறைக்குத்தான் அந்த ஆர்டர். மாசக் கடைசிக்குள்ள பதிவு பண்ணிட்டா எனக்குக் கிடைக்கும். பட்டறை வேலைய விடமாட்டேன். காலையில உங்க வேலைய முடிச்சுட்டு அப்புறம் கொட்டகைக்குப் போறேன்."

"இப்ப என்ன திடீர்னு?"

அவள் மகளைப் பார்த்தாள். "நேத்து நீங்க சொன்னீங்களே. இவளை ஸ்கூல்லருந்து நிறுத்தி ஒட்டு மேஜையில நிக்க வைக்கணும்னு."

அதுதான் காரணம். தலைவரின் அட்டைப்பெட்டிப் பட்டறையில் ஒட்டு மேஜை என்பது பத்தடி நீளப் பலகை. வெட்டி மடித்த அட்டைகளின் ஓரத்தில் பசை தடவி ஒட்டுவது அங்கே நிற்பவரின் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான் செய்ய வேண்டும். பசையில் கலக்கும் மருந்து விரல் நுனிகளைத் தின்றுவிடும். கணவன் போன மறுமாதத்திலிருந்து எட்டு வருடமாகச் சின்ன மருமகள் அந்தப் பலகையின் முன் நின்றாள். கூலி கிடையாது. வீட்டுப் பெண்ணுக்குக் கூலி கொடுப்பது கேவலம் என்று தலைவர் சொல்லியிருந்தார். போன வாரம் ஒரு கூலிப் பெண் நின்றுவிட்டாள். அந்த இடத்துக்குப் பேத்தியை நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. பேத்திக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

"எட்டு வருஷமா சோறு போட்டது பத்தலையா உனக்கு?"

"சோத்துக்கு வேலை செஞ்சிருக்கேன் மாமா. அதுக்கு மேலயும் செஞ்சிருக்கேன். கணக்கு கேக்கல. கையெழுத்துதான் கேக்குறேன்."

கோந்து தொண்டையைச் செருமினார். "அது வந்து தலைவரே, விதிப்படி பார்த்தா இதுல தப்பு..."

"நீர் சும்மா இரும்."

கோந்து சும்மா இருந்தார்.

தலைவர் எழுந்து நின்றார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவர். "என் ரெண்டாவது மகன் போயிட்டான். அவன் பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கில்லாம மாமனார்காரன் தகரக் கொட்டகையில பெட்டி ஒட்ட விட்டுட்டான்னு ஊர் பேசணுமா? அதுக்கு நான் கையெழுத்து வேற போடணுமா? நாளைக்கு வேற எதுக்காவது சம்மதம் கேட்டு இன்னொரு தாளைக் கொண்டுவருவே. யார் கண்டா."

மூத்த மருமகள் இந்த முறை வாயைப் பொத்தாமலே சிரித்தாள். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்தை அவர் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் கோபத்தில் செய்தார் என்றாவது சொல்லலாம். மேஜையில் உள்ளங்கையை வைத்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். ஒரு கால் குட்டையான மேஜை அது.

"ரொம்ப நாளா ஆடுது. தட்டச்சு அடிச்சா எழுத்து மேலயும் கீழயும் போகுது. அந்தத் தாளை நல்லா மடிச்சுக் காலுக்கடியில வை."

யாரும் அசையவில்லை.

"உன்கிட்டத்தான் சொல்றேன்."

அவள் தாளை எடுத்தாள். பெட்டி மடிக்கும் கை. நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்த நகத்தால் நீவினாள். மண்டியிட்டாள். கனமான மேஜையை அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. மூத்தவன் பக்கத்திலேயே நின்றான்; கையை நீட்டவில்லை. மகள்தான் ஓடிவந்து மேஜையின் மூலையைத் தூக்கிப் பிடித்தாள். தாயின் விரல்கள் வெளியே வரும்வரை காத்திருந்து இறக்கினாள்.

தலைவர் மறுபடியும் மேஜையை அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை.

"இப்ப உட்காரு. சங்கத்து மனுவை அடிக்கணும்."

அந்த மனு சாதாரணமானதல்ல. சிறுதொழில்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டறிய ஒரு கொள்கைக் குழுவை அமைத்திருந்தார்கள். அடுத்த வாரம் அந்தக் குழு நகர மண்டபத்துக்கு வருகிறது. நகருக்கு வெளியே பெரிய பெட்டித் தொழிற்சாலை வந்த பிறகு மூன்று தெருக்களில் இருந்த பட்டறைகளில் பாதிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. மீதிப் பாதி தலைவரின் வாயை நம்பி இருந்தது. அவரும் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்தான். பதினொரு கோரிக்கைகளையும் வரிசையாகச் சொன்னார். அரசுக் கொள்முதலில் ஒரு பங்கைச் சிறு பட்டறைகளுக்கு ஒதுக்க வேண்டும். சரக்கு கொடுத்த நாற்பத்தைந்து நாளுக்குள் அரசு அலுவலகங்கள் பணம் தர வேண்டும். பெரிய ஆலைக்கு உரிய மின்கட்டணத்தைப் பத்துக்குப் பத்து அறையில் நடக்கும் பட்டறைமேல் போடக்கூடாது. ஏழு அலுவலகங்களில் வாங்கும் அனுமதிகளை ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும். இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றும் நியாயம். ஒன்றையும் குறை சொல்ல முடியாது.

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அசையாத மேஜையில் எழுத்துகள் நேராக விழுந்தன.

தலைவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் எழுத்து அவருக்குத் தெரியாமல் போய் ஆறு வருடமாகிறது. கண்ணாடி வாங்கியிருந்தார். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைப் போடுவார். கண்ணாடி போட்டுத் தாளைத் தடவுகிறவன் தலைவனாக இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். மனைவிக்கும் சின்ன மருமகளுக்கும் மட்டுமே அது தெரியும். மேடையில் தாளே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவார். ஊர் அதை ஞாபகசக்தி என்று புகழ்ந்தது. ஞாபகசக்தி உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால், சின்ன மருமகள் தாளை வாசிக்க வாசிக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தபடி அவர் கேட்டு மனப்பாடம் செய்யும் வழக்கம் இருந்தது.

மனுவின் நல்ல படியை அவள் மறுநாள் மதியம் அடித்தாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்று முடிந்து, கையொப்பங்களுக்கு முன்னால் நாலு விரல் இடம் இருந்தது. அவள் காலால் மேஜைக் காலைத் தொட்டுப் பார்த்தாள். மடித்த தாள் அங்கேதான் இருந்தது. பிறகு அடித்தாள்:

'12. பட்டறைப் பதிவுக்குக் குடும்பத் தலைவரின் சம்மதக் கையொப்பம் கேட்கும் விதியை நீக்க வேண்டும். தொழில் யார் கையில் இருக்கிறதோ அவர் கையொப்பமே போதும்.'

மாலையில் வாசித்துக் காட்டினாள். பதினொன்றாவது முடிந்ததும் நிறுத்தினாள்.

"அவ்வளவுதானே?" என்றார் தலைவர் நடையை நிறுத்தாமல்.

"நீங்க சொன்னது அவ்வளவுதான் மாமா."

அவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினாள், எப்போதும் அப்படித்தான். கோந்து வந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கீழே செயலாளர் என்ற இடத்தில் தன் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திருப்தியோடு மனுவை உறையில் போட்டு ஒட்டினார்.

குழு வந்த நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களையெல்லாம் கூட்டிவந்து பின்வரிசைகளில் உட்கார வைத்தது கோந்தின் யோசனை. "குழுவுக்கு முன்னாடி காலி நாற்காலி தெரியக்கூடாது" என்று அவரே தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சின்ன மருமகளும் மகளும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

தலைவர் கையில் தாளில்லாமல் எழுந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். உங்க கையில இருக்கிற மனுவுல ஒரு எழுத்துகூட என்னைக் கேக்காம வந்ததில்ல. அதுல இருக்கிறது அத்தனையும் என் வார்த்தை. எழுதிக் கொடுத்துட்டு மாத்திப் பேசுற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது."

கைதட்டல்.

"பெரிய தொழிற்சாலைக்காரங்க ஒரு நாளைக்கு லட்சம் பெட்டி போடுறாங்க. போடட்டும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு இருநூறு பெட்டி அவசரமா வேணும்னா அவங்க போனை எடுப்பாங்களா? நாங்க எடுப்போம். இந்தத் தெருவுல ஒரு பட்டறை மூடினா ஆறு வீட்டு அடுப்பு அணையுது. நாங்க பிச்சை கேக்கல. வழி கேக்குறோம். ஒரு சின்ன அனுமதிக்கு ஏழு மேஜைக்கு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். தொழில் தெரிஞ்சவனை இன்னொருத்தன் கையெழுத்துக்காக நிக்க வைக்காதீங்க. அது அவனைக் கொல்றதுக்குச் சமம்."

பின்வரிசையில் சின்ன மருமகள் குனிந்து தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள்.

பதினொன்றையும் சொல்லி முடித்து அவர் உட்காரப் போனார். குழுவின் தலைவி நடுத்தர வயதுப் பெண். மூக்கில் தடித்த கண்ணாடி இருந்தது. மனுவின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

"ஐயா, பன்னிரண்டாவதை விட்டுட்டீங்களே. எனக்கு முக்கியமா பட்டதே அதுதான்."

தலைவர் நின்றார். கோந்து தன் பிரதியை அவர் கையில் திணித்தார். தலைவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், தூரத்தில் வைத்தார். சாம்பல் நிறத்தில் சில கோடுகள் தெரிந்தன. கண்ணாடி வீட்டில், படுக்கையறை அலமாரியில், துணிக்கு அடியில் இருந்தது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால், தெரியவில்லை, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பார். தலைவர் சிரித்தார். கோந்து தன்னைப் புகழ்ந்து எதையோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தார். போன வருடத்து மனுவில் அப்படி நடந்திருந்தது.

"அதை நான் சொன்னா என் பெருமையை நானே பாடின மாதிரி ஆயிடும். நீங்களே படிச்சுடுங்கம்மா."

குழுத்தலைவி ஒலிபெருக்கியில் படித்தாள். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கை தட்டினாள். அடுத்தவள். அதற்கடுத்தவள். காலி நாற்காலியை மறைக்க வந்தவர்கள் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தட்டினார்கள்.

"இந்த விதியே பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்க சங்கம் கேட்டு வந்ததுதான்" என்றாள் குழுத்தலைவி. "பெரிய முதலாளிங்க வீட்டுப் பெண்கள் பேர்ல போலிப் பட்டறை காட்டுறாங்கன்னு அப்ப நீங்கதான் எழுதியிருந்தீங்க. பழைய கோப்புல பார்த்தேன். கேட்டு வாங்கின கையாலயே எடுக்கச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணுங்க. இது உங்க வார்த்தைதானே?"

மறுத்தால் பொய்யனாவார். படிக்கவில்லை என்றால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகு நேராகவே இருந்தது.

"ஆமா" என்றார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் படம் எடுத்தார்.

மாலையில் கூடத்தில் அதே ஏழு பேர். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன மருமகளை நடுவில் நிற்க வைத்தார்கள். அவள் கையில் மனுவின் பிரதி.

"பன்னிரண்டைப் படி."

படித்தாள்.

"திரும்பப் படி."

படித்தாள்.

"கேக்கல. சத்தமா."

எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. குரல் கம்மிப்போய்க் காற்று மட்டும் வந்தது. அப்போதும் "திரும்ப" என்றார். மூத்த மருமகள்கூட இப்போது சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். பேத்தி, "நான் படிக்கிறேன் தாத்தா, அம்மாவுக்குத் தொண்டை போயிடுச்சு" என்று அழுதாள்.

"நீ இனிமே எதுவும் படிக்க வேண்டாம். நாளையிலருந்து ஒட்டு மேஜை."

"பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்தான் தாத்தா..."

"ஒட்டுறதுக்குப் பரீட்சை கிடையாது."

பிறகு மூத்த மகனிடம், பட்டறையிலிருந்து சின்ன அச்சை எடுத்துவரச் சொன்னார். அட்டையை ஒரே அழுத்தில் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் அச்சு அது. பலகையில் எஃகுப் பட்டிகளைப் பதித்துச் செய்தது. மருந்துப் பெட்டி அளவுக்கு அதை இளைய மகன் தன் கடைசி மாதங்களில், படுக்கையில் சாய்ந்தபடி செய்து முடித்தான். கொட்டகையில் அவள் வைக்க நினைத்திருந்த ஒரே கருவி அதுதான்.

"உடை."

"அப்பா, தம்பி செஞ்சது..."

"தம்பி செஞ்சதுதான். என் மரத்துல செஞ்சான். உடைடா."

மூத்தவன் சுத்தியலை ஓங்கினான். முதல் அடியில் பலகை பிளக்கவில்லை. நல்ல வேலைப்பாடு. ஐந்தாறு அடி தேவைப்பட்டது. எஃகுப் பட்டிகள் வளைந்து தரையில் சிதறின. அவற்றைக் கூட்டி அள்ளும் வேலையைத் தலைவர் சின்ன மருமகளிடமே கொடுத்தார். அவள் அள்ளினாள். குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி, இல்லாத குரலில் சொன்னாள்:

"அளவு எனக்கு மனப்பாடம் மாமா."

மறுநாள் காலை ஒட்டு மேஜையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் மகளும் நின்றார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூட மணி பட்டறைக்குள் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் பெண்ணின் தூரிகை ஒரு கணம் நிற்கும். முதல் வாரத்திலேயே அவள் விரல் நுனிகள் சிவந்து தோல் உரிந்தன. "எரியுதா?" என்பாள் தாய். "இல்லம்மா" என்பாள் மகள். பரீட்சை தொடங்கிய நாளில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பசை வாளியைக் கலக்கினாள். பரீட்சை முடிந்த நாளும் அப்படியே போனது.

தெருவில் தலைவருக்குப் பெயர் ஏறியிருந்தது. பத்திரிகையில் படம் வந்தது. பெண்கள் வழியில் நிறுத்தி வணங்கினார்கள். அவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தபோது கோந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் அரசாணையின் பிரதி.

"தலைவரே! ஒண்ணு ஜெயிச்சுட்டோம்!"

"எது? நாற்பத்தஞ்சு நாளா?"

"அது பரிசீலனையில இருக்காம்."

"மின்கட்டணம்?"

"பரிசீலனை."

"கொள்முதல் ஒதுக்கீடு?"

கோந்து தாளைப் புரட்டினார். "ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும் பரிசீலனை தலைவரே. பன்னிரண்டு மட்டும் உடனடியா அமலுக்கு வருது. அரசுக்குச் செலவு எதுவும் இல்லாததால ஏத்துக்கிட்டோம்னு போட்டிருக்கான்."

அவர் உரக்கப் படித்தது பட்டறை வரை கேட்டது. சின்ன மருமகள் தூரிகையை வைத்தாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த பசையையும் எடுத்தாள். அவசரப்படவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மேஜைக்கு முன்னால் மண்டியிட்டாள். யாரும் சொல்லாமலே பெண் மேஜையின் மூலையைத் தூக்கினாள்.

"அதை எடுத்தா இந்த வாசல் உனக்கில்ல" என்றார் தலைவர்.

"சரி மாமா."

தாளை எடுத்துப் பிரித்தாள். நடுவில் மேஜைக்கால் அழுத்திய சதுரப் பள்ளம். தட்டச்சு இயந்திரத்தின் மூடிமேல் வைத்து, உரிமையாளர் கையொப்பம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். சம்மதக் கையொப்பக் கோடு காலியாகவே இருந்தது.

"என்ன எழுதுறா? எங்க எழுதுறா?" என்றார் தலைவர் கோந்தைப் பார்த்து.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அதுவரை அந்த வீட்டில் வாய் திறக்காத மாமியார் படுக்கையறைக்குள் போய் வந்தாள். துணியில் சுற்றியிருந்த கண்ணாடியைக் கோந்து பார்க்கும்படி பிரித்து, கணவர் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கிட்டு நீங்களே படிங்க."

அவர் அதைத் தொடவில்லை. கோந்து கண்ணாடியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். ஆறு வருடத்து மேடைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே போவது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, கோந்து என்ற பெயர் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, தலைவர் போகச் சொல்லாமலே எழுந்து போனார்.

தாயும் மகளும் இரண்டு துணி மூட்டையோடு வெளியேறினார்கள். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது, நடுவுல பள்ளம்?"

"மேஜை ஆடிச்சு சார்."

குமாஸ்தா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அச்சு இல்லாததால் முதல் ஆயிரம் பெட்டிகளை அளவுகோலும் கத்தியும் வைத்தே வெட்டினாள். ஆஸ்பத்திரியில் ஒன்றும் திரும்பி வரவில்லை. மகள் பள்ளிக்குத் திரும்பினாள். தோழிகள் மேல்வகுப்புக்குப் போயிருந்தார்கள். தன்னைவிட ஒரு தலை குட்டையானவர்களோடு பழைய வகுப்பிலேயே மறுபடியும் உட்கார்ந்தாள். விரல் நுனிகளில் தோல் சரியாக வளரவில்லை. பேனா பிடித்தால் இப்போதும் நழுவும்.

தலைவரின் பட்டறை இரண்டாவது வருடம் மூடியது. அவருடைய பதினொரு கோரிக்கைகளில் ஐந்தையாவது அரசு கொடுத்திருந்தால் மூடியிருக்காது. இது சத்தியம். கொட்டகையும் சுலபமாக நடக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பணம் வர எட்டு மாதம் ஆகிறது. தகரக் கூரைக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே மின்கட்டணம். சின்ன மருமகள் பதிவுபெற்ற உரிமையாளர் என்ற முறையில் சங்கத்தில் சேர்ந்தாள். மாமனார் சொன்ன அதே பதினொன்றையும், ஒரு சொல் மாற்றாமல், வருடாவருடம் அடித்து அனுப்புகிறாள். வருடாவருடம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வருகிறது. பெண்ணுக்கு ஒரு கையெழுத்தை விட்டுக்கொடுத்த அரசு, அவள் கையில் இருக்கும் தொழிலுக்கு இன்னும் எதையும் கொடுக்கவில்லை. வீடாவது அந்த ஒரு கையெழுத்தைத் தானாகக் கொடுத்திருக்கலாம்.

தலைவர் தன் விதவை மருமகளின் கையைப் பிடித்துத் தொழிலில் உட்கார வைத்தார் என்று ஊரில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் தன் கையாலேயே சம்மதம் எழுதிக் கொடுத்தார், கொட்டகையைத் திறந்து வைத்ததும் அவர்தான் என்று சொல்கிறார்கள். பத்திரிகைப் படத்தையும் காட்டுகிறார்கள்.

அது பொய். கொட்டகையை அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை. விண்ணப்பம் பதிவு அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அதில் அவர் கையெழுத்து இல்லை. அவர் வீட்டிலிருந்து அந்தத் தாளில் ஏறியது மேஜைக்காலின் தடம் ஒன்றுதான்.